சட்டி கைமாறும் சில்லு: பேஸ் கிட்டாருக்கு டிலேயும் லூப்பரும்

சர்ச் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கிட்டார் வாசிக்கும் நண்பரின் டிலே பெடலை என் பேஸில் மாட்டிப் பார்த்தேன். அவருக்கு அழகாக ஒலிப்பது எனக்கு ஒரே குழப்பமாகக் கேட்கிறது. பேஸுக்கென்று வேறு டிலே வாங்க வேண்டுமா? லூப்பரும் சேர்ந்தே வருகிற பெடல் ஒன்று போதுமா?"

பெடல் என்பது காலால் மிதித்து இயக்கும் ஒலிப் பெட்டி. வாசித்ததைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பித் தருவது டிலே. திருப்பித் தந்ததில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்பினால் எதிரொலி தேய்ந்துகொண்டே தொடரும். தேயவே விடாமல் சுற்றவிட்டால் அது லூப்பர். ஆக, ஒலியை எங்கே, எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் விஷயம்.

முதலில் அதை ஒலிநாடாவில் வைத்தார்கள். 1959இல் வந்த எக்கோபிளெக்ஸும், 1974இல் ரோலண்ட் வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோவும் அந்த வகை. பதியும் முனையிலிருந்து படிக்கும் முனைக்கு நாடா போய்ச் சேரும் நேரம்தான் தாமதம். நன்றாகவே ஒலித்தன, ஆனால் கனம், மோட்டார், தேயும் நாடா. 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் இதற்கு ஒரு மின்னணு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சுற்றுகளில் ஒன்று அது.

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் சாரத்தில் வரிசையாக ஆட்கள் நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்களே, அதேதான். ஆட்களுக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள், சட்டிகளுக்குப் பதில் சின்னஞ்சிறு மின்தேக்கிகள், கலவைக்குப் பதில் மின்னூட்டம். நீங்கள் கம்பியை மீட்டியதும் வரும் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் எவ்வளவோ, அந்த அளவு மின்னூட்டம் முதல் மின்தேக்கியில் விழுகிறது. ஒரு கடிகாரத் துடிப்பு வந்ததும் அது அடுத்ததற்கு நகர்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கையில் சட்டி வைத்திருப்பவரால் இன்னொன்றை வாங்க முடியாது. அதனால் எப்போதும் ஒருவர் விட்டு ஒருவர்தான் சட்டி வைத்திருக்க முடியும். ஒற்றைப்படை ஆட்கள் கொடுக்கும்போது இரட்டைப்படை ஆட்கள் வாங்குவார்கள், அடுத்த நொடி மாறிக்கொள்வார்கள். இந்தச் சுற்று அடங்கிய சில்லிலும் எதிரெதிராகத் துடிக்கும் இரண்டு கடிகாரக் கோடுகள் இதைத்தான் செய்கின்றன.

பானாசோனிக்கின் எம்என்3005 என்ற புகழ்பெற்ற சில்லில் 4,096 படிகள் உண்டு. ஒருவர் விட்டு ஒருவர் என்பதால் ஒரே நேரத்தில் அதில் இருப்பது 2,048 துண்டுகள். விநாடிக்கு 10,000 துடிப்பு கொடுத்தால் நுழைந்த ஒலி 204.8 மில்லி விநாடி கழித்து வெளியே வரும். துடிப்பைக் குறைத்தால் தாமதம் கூடும். ஆனால் ஒலியைப் பார்த்து அளவெடுக்கும் தடவைகளும் குறையும். துடிப்பு எண்ணில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் தப்புத் தப்பாகப் பதிவாகும் என்பதால் அவற்றை முன்கூட்டியே வடிகட்டிவிடுகிறார்கள். ஒலியை எண்களாக்காமல் இப்படி மின்னூட்டமாகவே நகர்த்தும் அனலாக் டிலேயில் நேரத்தைக் கூட்டக் கூட எதிரொலி மங்குவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இதைவிட அழகானது. கைமாறும்போது கொஞ்சம் கலவை சட்டியில் ஒட்டிக்கொள்ளும், அது பின்னால் வருவதோடு சேர்ந்துவிடும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் பின்தங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், 4,096 முறைக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பின்னால் வருபவற்றோடு கலந்திருக்கும். வேகமாக ஏறி இறங்கும் ஒலியில் அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபடும், அவை கலந்தால் விவரம் அழிந்துபோகும். பேஸின் கீழ் ஈ (E) கம்பியோ விநாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. 10,000 துடிப்பில் அதன் ஒரே ஓர் அலைக்கு ஏறக்குறைய 243 துண்டுகள். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால், எவ்வளவு கலந்தாலும் ஒன்றும் கெடாது!

அதாவது இந்தச் சில்லு கிட்டாரின் மினுமினுப்பைத் தின்கிறது, பேஸின் அடித்தொனியை, அதாவது சுரத்தின் மிகக் கீழான அதிர்வை, தொடுவதே இல்லை. வாசகர் கேட்ட குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. விரல் கம்பியில் படும் அந்த 'டக்' ஒலிதான் பேஸில் சுரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று காதுக்குச் சொல்கிறது. எதிரொலியில் அது போய்விட்டு, அடித்தொனி மட்டும் முழுசாகத் திரும்பி வருகிறது. வந்து, அடுத்து நீங்கள் வாசிக்கும் சுரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது.

போதாததற்கு அலைகளின் குறுக்கீடு. பள்ளியில் படித்ததுதான்: மேடும் மேடும் சேர்ந்தால் பெருகும், மேடும் பள்ளமும் சேர்ந்தால் அழியும். டிலேயை 12 மில்லி விநாடிக்கு வைத்து மூல ஒலிக்குச் சமமான அளவில் கலந்தால் கீழ் ஈ சுரத்தின் அடித்தொனியே காணாமல் போகும், ஏனென்றால் அது அந்த அலையின் சரிபாதி நேரம். 100 மில்லி விநாடிக்கு வைத்து, ஒரே ஓர் எதிரொலியைச் சம அளவில் கலந்து, சுரத்தை நீட்டிப் பிடியுங்கள். கணக்குப் போட்டால் ஈ சுரத்தின் அடித்தொனி, அதை ஒட்டி அடுத்து வரும் எஃப் சுரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வருகிறது. உங்கள் கை ஒரே பலத்தில்தான் வாசித்தது. கிட்டாரிலும் இது நடக்கும், ஆனால் அங்கே மேல்தொனிகள் நிறைய இருப்பதால் காது அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

எனவே பேஸுக்கு டிலே பார்க்கும்போது பெடலின் மேல் 'பேஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டாம். எதிரொலியின் கீழ் அதிர்வெண்களை மட்டும் வெட்ட ஒரு குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மூல ஒலி எந்தச் சில்லுக்குள்ளும் போகாமல் நேராக வெளியே வர வேண்டும். எதிரொலியின் அளவைத் தனியாகக் குறைக்கவும் முடிய வேண்டும். நேரத்தைத் தாளத்தோடு பொருத்துவது சுலபம்: 60,000ஐ நிமிடத்துக்கான அடிகளால் வகுத்தால் ஓர் அடியின் மில்லி விநாடி கிடைக்கும். 100 அடி வேகத்தில் 600, அதில் முக்கால் 450. இந்த நீளத்தில் சுரங்களைச் சுருக்கமாக வெட்டி வாசித்தால் எதிரொலி இடைவெளியில் வந்து விழும், மேலே ஏறாது.

பழைய எம்என்3005 சில்லில் ஏதோ மாயம் இருப்பதாக நம்பி, அதற்காகவே அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பதில் சில்லுக்கு எவ்வளவு பங்கோ, அதைச் சுற்றியுள்ள வடிகட்டிகளுக்கும், இரைச்சலைக் குறைக்க ஒலியைச் சுருக்கி விரிக்கும் சுற்றுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், பிறகு பணத்தை எடுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மின்னூட்டத்தைப் பொட்டலம் பொட்டலமாக நகர்த்தும் இதே எண்ணத்தை, அதே 1969இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி என்ற வடிவில் கொண்டுவந்தார்கள்; பின்னாளில் கேமராக்களில் படம் பிடித்த சில்லு அதுதான். ஹபிள் தொலைநோக்கியின் கேமராக்கள் வரை அது போனது, 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மூன்று வருடத்தில் என்ன பொருள் விற்பாய் என்று கேட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தருவேன் என்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

சரி, லூப்பர். தேயும் நினைவு டிலேக்கு அழகு, லூப்பருக்கு ஆகாது. நூறு முறை சுற்றினாலும் முதல் முறை போலவே ஒலிக்க வேண்டும், அதற்கு எண்களாகச் சேமிப்பதுதான் வழி. 1970களின் இறுதியிலேயே பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் எம்எக்ஸ்ஆர் டிஜிட்டல் டிலேயில் ஒரு சிறு தொடரைப் பிடித்துவைத்து, அது சுற்றிக்கொண்டிருக்க மேலே தனியாக வாசித்துக் காட்டினார். 1983இல் பாஸ் நிறுவனத்தின் டிடி-2 டிஜிட்டல் டிலேயைக் காலடிப் பெட்டிக்குள் கொண்டுவந்தபோது அதன் அதிகபட்ச நேரம் 800 மில்லி விநாடிதான். இன்று விநாடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்று வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 5.3 மெகாபைட் போதும். நினைவகம் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை தையலில் இருக்கிறது. லூப் முடியும் கணத்தில் அலை ஓர் உயரத்திலும், தொடங்கும் கணத்தில் வேறு உயரத்திலும் இருந்தால் நடுவே ஒரு குதிப்பு. திடீர்க் குதிப்பில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருப்பதால் அது 'டொக்' என்று கேட்கும். கிட்டாரின் பிரகாசம் அதை மறைத்துவிடும். நீண்ட பேஸ் சுரத்தில் மறைக்க எதுவும் இல்லை. நல்ல லூப்பர்கள் முடிவையும் தொடக்கத்தையும் சில மில்லி விநாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கவைத்து ஒட்டுகின்றன. ஆனால் கீழ் ஈ அலையின் நீளமே 24 மில்லி விநாடி, அதற்குள் ஒட்டிய இடம் லேசாகத் தெரியத்தான் செய்யும். முடிவுக்குச் சற்று முன் கம்பியை அமர்த்திவிட்டு, புதிதாக மீட்டும் சுரத்தில் மிதியுங்கள். அந்த 'டக்' தையலை மூடிக்கொள்ளும். அப்புறம், கீழ் வரி ஒன்றே ஒன்று போதும். அடுத்த அடுக்குகளைப் பன்னிரண்டாம் கட்டத்துக்கு மேலே வாசியுங்கள், இல்லாவிட்டால் அடித்தொனிகள் கூடிக் கூடிப் பெருக்கியே திணறும்.

இரண்டும் சேர்ந்த பெடல்களில் சிலவற்றில் டிலே அல்லது லூப்பர், ஏதோ ஒன்றுதான் ஒரு நேரத்தில் இயங்கும். இரண்டும் ஒன்றாக இயங்கினாலும் டிலே முன்னால், லூப்பர் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் எதிரொலியோடு சேர்த்துப் பதியலாம், அடுத்த அடுக்குக்கு டிலேயை அணைத்தும் விடலாம். என்னைக் கேட்டால் தனித்தனியாக வாங்குவதே மேல்: சாதாரண ஒற்றை மிதி லூப்பர் ஒன்று, கீழ் வெட்டு உள்ள டிலே ஒன்று. கடைக்கு உங்கள் பேஸையே எடுத்துப் போய், ஈ, எஃப் இரண்டையும் நீட்டிப் பிடித்துக் கேளுங்கள். நீண்ட ஈ ஒன்றின் நடுவிலேயே லூப்பை மூடித் தையலையும் சோதித்துவிடுங்கள். டிஜிட்டல் பெடல்களை மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் கோத்தால் கீச்சென்ற இரைச்சல் வரலாம். தனித்தனி வெளியீடுகள் உள்ள பவர் சப்ளைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள், ஒவ்வொரு பெடலிலும் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் அளவை அந்தந்த வெளியீடு தருமா என்று பார்த்து வாங்குங்கள்.