தரங்கம்பாடியில் பிறந்தால் தமிழச்சி ஆகிவிடுவாரா?

மறுபடியும் வந்துவிட்டது அந்த ஃபார்வர்டு. கையில் இசைத்தாளோடு கண்ணை மேலே தூக்கிப் பார்க்கும் ஒரு பெண்ணின் ஓவியம். கீழே, "பிரான்ஸ் இளவரசியான தரங்கம்பாடித் தமிழச்சி, பெருமையோடு பகிருங்கள்". இந்த முறை அனுப்பியவர் ஒரு படி மேலே போய், தன் பாட்டியின் பாட்டி இவருக்கு உறவு என்று வம்சாவளி வரைந்து கொடுக்கச் சொல்கிறார். முன்பணம் தரத் தயாராம்.

பழைய பதிவேடுகளைப் படித்துக் குடும்ப வரலாறு எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. ஆனால் இந்த ஒரு பெண்ணை வைத்து இத்தனை கட்டுக்கதை வந்த பிறகு, எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

படத்தில் இருப்பவர் காதரின் வொர்லே, பின்னாளில் மேடம் கிராண்ட். பிரெஞ்சு ஓவியர் விஜே லெ ப்ருன் 1783இல் வரைந்தது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியில் பிறந்தது உண்மை. 1777இல், வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் ஊரான சந்தர்நகரில், பதினைந்து வயது சுமாருக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஜார்ஜ் பிரான்சிஸ் கிராண்டுக்கு வாழ்க்கைப்பட்டதும் உண்மை. 1802இல் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலிரானை மணந்தார். 1806இல் தாலிரானுக்கு பெனவெந்தோ இளவரசர் பட்டம் கிடைத்ததும் இவரும் இளவரசியானார். பாரிஸில் இறந்தார். இதுவரை சண்டை இல்லை.

சண்டை "தமிழச்சி" என்பதில்தான். இன்னொரு கோஷ்டி, தரங்கம்பாடி டேனிஷ் ஊர், ஆகவே இவர் டேனிஷ்காரி என்று எழுதுகிறது. இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: பிறந்த ஊரை வைத்துப் பூர்வீகத்தை முடிவுகட்டுவது.

நம் வீட்டிலேயே தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். பிறப்புச் சான்றிதழில் திருவாரூர் என்று இருக்கும். சொந்த ஊர் காரைக்குடி. அந்தப் பேரன் திருவாரூர்க்காரன் என்று யாராவது சொன்னால் தாத்தா சும்மா விடுவாரா? இது தெரிந்த அதே ஆட்கள், 18ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டில் ஓர் ஊர்ப்பெயரைக் கண்டதும் இனம், மொழி, மதம் எல்லாவற்றையும் அதிலிருந்தே பிழிந்து எடுத்துவிடுகிறார்கள்.

காதரின் பிறந்த ஆண்டைச் சிலர் 1761 என்கிறார்கள், சிலர் 1762. எதை எடுத்தாலும் அந்தச் சமயத்தில் இந்தக் கடற்கரை எப்படி இருந்தது என்று பாருங்கள். சந்தர்நகர் 1757லேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. காரைக்கால் 1760இல் விழுந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகுதான் இவையெல்லாம் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தன. நடுவில் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் மனைவி பிரசவத்துக்கு எங்கே போவார்? டென்மார்க் அந்த ஆங்கிலேய-பிரெஞ்சுப் போரில் எந்தப் பக்கமும் சேரவில்லை. காரைக்காலுக்குப் பக்கத்திலேயே டேனிஷ்காரரின் டேன்ஸ்போர்க் கோட்டையோடு தரங்கம்பாடி இருக்கிறது. இவர் ஏன் அங்கே பிறந்திருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அப்பா வொர்லே பிரெஞ்சு அதிகாரி. பின்னாளில் சந்தர்நகரில் துறைமுகப் பொறுப்பில் இருந்தவர், செயின்ட் லூயி விருது பெற்றவர். தாயின் பெயர் லோரான்ஸ். அவருடைய குடும்பப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

"தாலிரானே இவரை இந்தியப் பெண் என்று எழுதியிருக்கிறாரே" என்று உடனே ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். நீட்டுங்கள், ஆனால் அது எதற்காக எழுதிய கடிதம் என்றும் பாருங்கள். 1798இல் காதரினை உளவாளி என்று சந்தேகித்துப் பிடித்து வைத்திருந்தார்கள். விடுவிக்கச் சொல்லி, அன்று பிரான்சை ஆண்ட ஆட்சிக்குழுவில் இருந்த பராஸுக்குத் தாலிரான் எழுதினார். இந்தியப் பெண், பேரழகி, சோம்பேறி, இவரைப் போல வேலைவெட்டி இல்லாத பெண்ணைப் பார்த்ததே இல்லை, இவரா உளவு பார்ப்பார் என்பதுதான் அதன் சாரம். அதில் இருப்பது வக்காலத்து. அதைக் கொண்டுபோய் வம்சாவளியில் ஒட்டக் கூடாது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். வொர்லே, வெர்லே, வேர்லே, வோர்லே எல்லாம் ஒரே குடும்பம்தான். அருங்காட்சியகத்தில் ஒரு எழுத்து, கணவர் புத்தகத்தில் ஒரு எழுத்து, பாரிஸ் ஆவணத்தில் ஒரு எழுத்து. பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். தேடுபொறியில் ஒரே எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டு "பதிவே இல்லை சார்" என்று வராதீர்கள். பிரெஞ்சுப் பதிவுகளில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார். ஆங்கிலேயப் பதிவுகளில் கணவர் பெயருக்குள் மறைந்துவிடுவார். இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

எந்தப் பதிவேட்டில் தேடுவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. தரங்கம்பாடி என்றதும் நேரே சீயோன் கோயிலுக்கோ புதிய எருசலேம் ஆலயத்துக்கோ போய் நிற்கிறார்கள். இரண்டும் அன்று லூத்தரன் ஆலயங்கள். கத்தோலிக்கக் குழந்தைக்கு அங்கே ஞானஸ்நானம் எதற்குக் கொடுப்பார்கள்? முதலில் குடும்பம் எந்தச் சபை என்று பாருங்கள், ஊர் அப்புறம். புதுச்சேரி, காரைக்கால், சந்தர்நகர்ப் பதிவேடுகளின் பிரதிகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கம்பெனி ஆட்கள் என்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் 'N' வரிசை: N/1 வங்காளம், N/2 சென்னை, N/3 பம்பாய். டேனிஷ் நிர்வாகத் தாள்கள் கோபன்ஹேகனில்.

ஒரு பிரெஞ்சு ஞானஸ்நானப் பதிவு கைக்கு வந்தால் பெயரையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். ஐந்தாறு வரிதான் இருக்கும். ஓரத்தில் குழந்தையின் பெயர். தேதி எழுத்தில் இருக்கும். அப்புறம் நேற்றுப் பிறந்ததா இன்று பிறந்ததா, முறையான திருமணத்தில் பிறந்ததா, தகப்பனின் உத்தியோகம் என்ன, தாயின் பெயர். அதற்கடுத்த வரியில்தான் புதையல் இருக்கிறது: ஞானத்தகப்பன், ஞானத்தாய். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் தாய்மாமன், பாட்டி, சித்தி இப்படிச் சொந்தத்திலிருந்துதான் ஆளைப் பிடிப்பார்கள், அல்லது தகப்பனின் மேலதிகாரியை. தாய்வழி காணாமல் போன குடும்பங்களில் அதைத் திரும்பப் பிடிக்க இதைவிட நல்ல நூல் கிடையாது. கடைசியில் கையெழுத்துகள். ஞானத்தாய் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, எழுதத் தெரியாது என்று பாதிரியார் குறித்திருக்கிறாரா என்பதுகூட ஒரு செய்தி. இத்தனையும் இருக்கும் பக்கத்திலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்து எனக்கு அனுப்புகிறவர்களை என்ன செய்வது?

காதரின் விஷயத்தில் இன்னொரு பெரிய ஆவணக் குவியல் கல்கத்தாவில் உண்டாயிற்று. 1778 டிசம்பர் 8 இரவு, கணவர் வெளியே விருந்துக்குப் போயிருந்தபோது, கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ் மூங்கில் ஏணி வைத்து வீட்டு வளாகத்துக்குள் இறங்கினார். வேலைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். மனைவியோடு தகாத உறவு வைத்தார் என்று பிரான்சிஸ் மேல் கிராண்ட் வழக்குப் போட்டார். 1779 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 50,000 சிக்கா ரூபாய் (அன்றைய வங்காள வெள்ளி நாணயம்) இழப்பீடு விதித்தது. தலைமை நீதிபதி இம்பே, நீதிபதிகள் ஹைட், சேம்பர்ஸ்; சேம்பர்ஸ் மட்டும் உடன்படவில்லை. ஆயாவும் ஜமாதாரும் மற்ற வேலைக்காரர்களும் கூண்டேறிச் சொன்னதால்தான் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், இரவில் வாசலில் யார் காவல் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. வழக்கின் மையமான காதரினோ சாட்சி சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில் மற்றவர்கள் பேசியதுதான் நிறைய. அவர் பேசியது மிகக் குறைவு.

கணவர் கிராண்ட் பிறகு நன்னம்பிக்கை முனைக்குப் போய், 1814இல் தன் வரலாற்றை அச்சிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் எழுதியது. பயன்படுத்துங்கள்; ஆனால் தேதிகளை வேறொரு ஆவணத்தோடு ஒப்பிடாமல் எடுக்காதீர்கள்.

1802 திருமணப் பதிவின் "ஒரிஜினலைப் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். 1860க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகள் இரண்டு இடங்களில் இரண்டு பிரதியாக இருந்தன. 1871 மே மாதத் தீயில் இரண்டும் போயின. அதற்கு முன்பே யாரோ எடுத்து வைத்த நகல்களும் நோட்டரி ஒப்பந்தங்களும்தான் இப்போது கதி. அவற்றிலும் தேதி பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில் இருக்கும். பத்தாம் ஆண்டு ஃப்ருக்திதோர் மாதம் 23 என்றால் 1802 செப்டம்பர் 10. மாற்றித் தரும் அட்டவணைகள் இணையத்தில் இருக்கின்றன. தலையில் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக அந்த வம்சாவளித் தளங்கள். அங்கே காதரினுக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். அவருக்குப் பதிவான பிள்ளை யாரும் கிடையாது. சார்லட் என்ற பெண்ணை வளர்த்தார்கள். அவளை 1815இல் தாலிரானின் உறவினர் ஒருவருக்கே கட்டிக்கொடுத்தார்கள். அவள் காதரினின் மகள்தான் என்று ஊர் பேசியது. ஊர் பேசியதை மரத்தில் கிளையாகப் போடுவதா? ஒருவர் போட்டதை ஐம்பது பேர் நகலெடுத்தால் ஐம்பது ஆதாரம் ஆகிவிடாது. பதிவேட்டின் பெயரும் பக்கமும் இல்லாத தகவலைத் தொடாதீர்கள். குடும்ப இலச்சினை வரைந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடமும் போகாதீர்கள்.

வீட்டில் பழைய சர்ச் சீட்டுகள் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம். செலோடேப்பும் வேண்டாம். வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு அமிலமில்லாத உறையில் போட்டு வையுங்கள். தரங்கம்பாடிக் கல்லறைகளுக்குப் போகிறவர்கள் எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சாக்பீஸோ கரியோ தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் உரசாதீர்கள். உப்புக்காற்றில் ஏற்கெனவே பாதி உதிர்ந்தவை அவை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் நின்று படம் எடுத்தால் எழுத்து தானாகத் தெரியும்.

என்னிடம் கேட்க வருகிறவர்கள் ஃபார்வர்டை அனுப்ப வேண்டாம். பாட்டியின் பெயர், தெரிந்த எழுத்துக்கூட்டல் எல்லாம், குடும்பம் எந்தச் சபை, கையில் இருக்கும் சீட்டின் முழுப் படம். அதைக் கொண்டு வாருங்கள், அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம்.