அகாப்பே: ‘அன்பு’ என்று சொன்னாலே போதும்

“அகாப்பே அன்பு” என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் அகாப்பே என்றால் அன்புதான், அதனால் நாம் சொல்வது “அன்பு அன்பு” என்றாகிறது. இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கிரேக்கச் சொல்லை முன்னால் வைத்ததும், மனிதருக்கு எட்டாத தனி வகை அன்பு ஒன்று எங்கோ மேலே இருப்பது போலவும், சபையில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் நாம் காட்டவேண்டியது அதற்குக் கீழான வேறு ஏதோ ஒன்று போலவும் மனதில் பதிந்துவிடுகிறது. அதுதான் என் கவலை.

வழக்கமான பாடம் எல்லோருக்கும் தெரியும். கிரேக்கத்தில் அன்புக்கு நான்கு சொல் உண்டு: காதலுக்கு ஈரோஸ், குடும்பப் பாசத்துக்கு ஸ்டோர்கே, நட்புக்கு ஃபிலியா, தெய்வீக அன்புக்கு அகாப்பே. படிக்கட்டு மாதிரி அழகாக அடுக்கிவிடலாம். ஆனால் ஈரோஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஒரு இடத்தில்கூட இல்லை. ஸ்டோர்கேயும் தனிச்சொல்லாக வரவில்லை, ரோமர் 12:10 போன்ற சில இடங்களில் கூட்டுச்சொல்லின் பகுதியாக மட்டும் வருகிறது. அகாப்பேயும் கடவுளுக்கென்று ஒதுக்கிவைத்த சொல் அல்ல. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், 2 சாமுவேல் 13இல் அம்னோன் தாமார்மேல் கொண்ட கொடிய இச்சைக்கும் இதே சொல்லைத்தான் போட்டார்கள். பவுலை விட்டுவிட்டுப் போன தேமா இந்த உலகத்தின்மேல் வைத்த ஆசைக்கும், பரிசேயர் ஜெபஆலயத்தில் முதல் இருக்கையை விரும்பியதற்கும் இதன் வினைவடிவம்தான். யோவான் 3:16இல் தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்று படிக்கிறோம், மூன்றே வசனம் தள்ளி மனிதர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்று வருகிறது. இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் ஒரே வினை.

அப்படியானால் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு மேன்மை எங்கிருந்து வந்தது? சொல்லுக்குள்ளிருந்து வரவில்லை, அன்புகூர்ந்தவர் செய்ததிலிருந்து வந்தது. நாம் தேவனிடத்தில் அன்புகூர்ந்ததினால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்புகூர்ந்து தம் குமாரனை அனுப்பினதினால் என்று யோவான் தன் முதல் நிருபத்தில் (4:10) விளக்குகிறார். புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் சாதாரண சொல் ஒன்றை எடுத்து, சிலுவையைக் காட்டி, இதுதான் அதன் பொருள் என்று சொல்லிவிட்டார்கள்.

லத்தீனில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது எனக்கு எப்போதும் ஒரு எச்சரிக்கையாகவே படும். அங்கே பல இடங்களில் இதைக் காரித்தாஸ் என்று பெயர்த்தார்கள், அருமையானது, விலைமதிப்புள்ளது என்ற பொருளுடைய காருஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. அதுவே ஆங்கிலத்தில் சாரிட்டி ஆனது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13 முழுக்க சாரிட்டிதான். பிறகு பேச்சுவழக்கில் அந்தச் சொல் சுருங்கிச் சுருங்கி ஏழைக்குப் போடும் காசாகிவிட்டது, நம்மிடம் தர்மம் என்ற பெரிய சொல் “தர்மம் போடுங்க” என்பதில் வந்து நின்றது போல. கடைசியில் 1881 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு லவ் என்று போட்டார்கள். இதில் மனதை உறுத்துவது என்னவென்றால், “எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும்” அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனம் சொல்கிறது. எதிலிருந்து பவுல் அன்பைப் பிரித்துக் காட்டினாரோ அதற்கே அந்தச் சொல் பெயராகிப் போனது.

சரி, தமிழுக்கு வருவோம். அகாப்பேக்கு ‘அருள்’தான் பொருத்தம் என்று சொல்லும் தமிழார்வலர்கள் உண்டு, அவர்கள் வாதம் லேசானதல்ல. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், அன்பு என்பது தொடர்புடையாரிடம் செல்வது, அருள் என்பது தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது என்று பிரிக்கிறார். பகைவரிடமும் காட்டவேண்டியது என்றால் அருள்தானே சரி என்று தோன்றும். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. அருள் என்ற சொல் கிறிஸ்தவத் தமிழில் காரிஸ் என்ற இன்னொரு கிரேக்கச் சொல்லுக்கு ஏற்கனவே போய்விட்டது, தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு கிருபை என்பதை 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அருள் என்கிறது. அதைவிட முக்கியம், அருள் மேலிருந்து கீழே வருவது. கடவுள் அருளலாம், பெரியவர் அருளலாம், “ஒருவருக்கொருவர் அருளுங்கள்” என்று சபைக்குச் சொல்ல முடியுமா? வாயில் வரவே வராது. ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்ற கட்டளைக்கு, இரண்டு பக்கமும் சமமாகப் போய்வருகிற சொல் வேண்டும், அது அன்பு மட்டுமே. அன்பு தொடர்புடையாருக்கானது என்று பரிமேலழகர் சொன்னதும் எனக்கு இப்போது தடையாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாதவரைச் சகோதரர் என்றும் சகோதரி என்றும் கூப்பிடுகிற இடம்தானே சபை? தொடர்பே இல்லாதவரைத் தொடர்புடையவராக்கிவிட்டுத்தான் அது அன்பைக் கேட்கிறது. அப்புறம், “அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு” என்று குறள் சொல்லும் அன்பை அகாப்பேக்குக் குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

மற்ற சொற்களும் அவ்வப்போது வருகின்றன. பாசம் என்றால் வடமொழியில் கயிறு, கட்டு. நேசம் சிநேகம் என்பதன் வழியில் வந்தது. பழைய மொழிபெயர்ப்பு, இயேசு பேதுருவைக் கேள்வி கேட்கும் யோவான் 21இல் அகாப்பேயின் வினைக்கு அன்பாயிருக்கிறாயா என்றும் ஃபிலியாவின் வினைக்கு நேசிக்கிறாயா என்றும் கவனமாகப் பிரித்துப் போட்டது, ஆனால் மத்தேயு 5:44இல் அகாப்பே வினைக்கே “சத்துருக்களைச் சிநேகியுங்கள்” என்றது. அவர்களுக்கும் கறாரான எல்லைக்கோடு இருக்கவில்லை என்றுதான் தெரிகிறது.

நான் மிகவும் விரும்புவது ‘அன்புகூர்’ என்ற வினை. இன்று அன்றாடப் பேச்சில் இல்லை, பெரும்பாலும் வேதாகமத் தமிழில்தான் உயிரோடிருக்கிறது. கூர்தல் என்றால் மிகுதல். “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்கிறது தொல்காப்பியம், அதாவது இருக்கிறது இன்னும் பெருகுவது. அன்புகூர்ந்தார் என்று படிக்கும்போதே அன்பு நிறைந்து வழிந்து ஒரு செயலாக வெளியே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கிரேக்கத்தில் 1 கொரிந்தியர் 13:4 முதல் 7 வரை அன்பைப் பற்றி 15 வினைகள் வருகின்றன. தமிழில் அவற்றில் சில “சாந்தமும் தயவுமுள்ளது” என்பது போலப் பண்பாக மாறிவிட்டன, மூலத்திலோ அது பொறுக்கிறது, தயவு செய்கிறது. “தீங்கு நினையாது” என்ற இடத்தில் இருப்பது கணக்கு எழுதுவதற்குப் புழங்கும் வினை: பிறர் செய்த தீங்கை அன்பு கணக்கில் எழுதிவைக்காது. நான்கு கிரேக்கச் சொல்லையும் பிசகாமல் சொல்லத் தெரிந்த இருவர், பல வருடத்துக் கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் வேறு வேறு வாசலால் வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன். இருவர்மேலும் எனக்கு மரியாதை உண்டு, அதனாலேயே அது இன்னும் வலிக்கிறது.

எழுதும்போது என் யோசனை இதுதான். அகாப்பே என்ற சொல்லை விளக்க வேண்டிய இடத்தில் மட்டும் வையுங்கள், மற்ற இடங்களில் வெறும் அன்பு என்றே எழுதுங்கள். ஆதி சபையார் கூடிச் சாப்பிட்டதற்கும் அகாப்பே என்றே பெயர், அதற்கு யூதா 12ஆம் வசனத்தில் ‘அன்பின் விருந்து’ என்ற நல்ல தமிழ் ஏற்கனவே இருக்கிறது. கொரிந்துவில் சபையாகக் கூடிச் சாப்பிட்டபோது வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் அங்கே அன்பின் வகைகளை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார்.