மாடியில் சோலார் போட ஈபி அனுமதி எதற்கு?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாடியில் சோலார் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பேனல் மாட்டுவது சட்டென்று முடிந்துவிட்டது, மீட்டருக்குத்தான் நடையாய் நடந்தோம் என்பார்கள். நம்ம மாடி, நம்ம காசு, வெயிலுக்கும் பில் கிடையாது, இதற்கு எதற்கு அனுமதி என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால் பேட்டரி இல்லாத சோலார் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை, தெருக் கம்பியில் கை வைக்கிறது. சிக்கலே அங்கேதான்.

மதியம் 12 மணி. வீட்டில் ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடுகின்றன. 3 கிலோவாட் பேனல் தருவதில் வீட்டுக்குப் போக 2 கிலோவாட் மிச்சம் என்றால் அது கம்பி வழியே வெளியே போகும், அதாவது 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பது போல, கரண்ட் வெளியே போக வேண்டுமென்றால் வீட்டுப் பக்கம் வோல்டேஜ் கொஞ்சம் உயர்ந்தே ஆக வேண்டும். டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே இருந்தால் அந்த உயர்வு தெரியவே தெரியாது. நம்ம பக்கத்துக் கொட்டாய்களை நினைத்துப் பாருங்கள், வயலுக்கு நடுவே நாலைந்து வீடுகள், டிரான்ஸ்பார்மரிலிருந்து சில நூறு மீட்டர் இழுத்த கம்பி. போக வர அந்தக் கம்பியின் மின்தடை அரை ஓம் என்று வையுங்கள். ஒரு வீடு 9 ஆம்பியர் தள்ளினால் நாலரை வோல்ட் ஏறும், பரவாயில்லை. ஒரே பேஸில் ஐந்து வீடும் தள்ளினால் கிட்டத்தட்ட 22 வோல்ட் ஏறி 252 ஆகிவிடும். 230-க்கு மேல் பத்து சதவீதம், அதாவது 253-ஐத் தாண்டினால் பேனல் தருவதை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் கழன்றுகொள்ள வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. 252-க்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏறினாலே உச்சி வெயிலில் பேனல் சும்மா கிடக்கும், நாம் பேனல் விற்றவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொரு கேள்வி லைன்மேன் உயிர் சம்பந்தப்பட்டது. கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறார், அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போனால் என்ன ஆகும்? அதனால்தான் லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாவது இதனால்தான், பழுதில்லை. இதைப் பரிசோதனைக் கூடத்தில் அந்த மாடலுக்கு ஒரு முறை சோதித்துச் சான்று கொடுத்தால் போதும், வீடு வீடாகச் சோதிக்க வேண்டியதில்லை.

அனுமதியைச் சுருக்க முடியும் என்பதற்கு அடிப்படையே இதுதான். சின்ன அமைப்புகளுக்குக் கேள்விகள் ஒன்றே, பதிலும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தது. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் பத்து வீடு தலா 3 கிலோவாட் போட்டாலும் அது திணறாது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, 10 கிலோவாட் வரை விண்ணப்பம் முழுமையாக இருந்தால் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்றதாகக் கொள்ள வேண்டும் என்றது. 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் மின் வாரியத்துடையது, ஆக அந்தக் கொட்டாய்க் கம்பியை மாற்றுவது உங்கள் தலையில் விழாது. வேலை முடிந்தபின் இணைத்துக் கொடுக்கும் கெடு 30 நாளிலிருந்து 15 ஆனது. அமெரிக்காவில் நகராட்சிகள் கட்டட அனுமதிக்கே வாரக்கணக்கில் இழுத்ததால், வரைபடத்தைத் தானே சரிபார்த்து உடனே அனுமதி கொடுக்கும் ‘சோலார் ஆப் பிளஸ்’ என்ற மென்பொருளை 2021-ல் கொண்டுவந்தார்கள். அங்கேயும் யோசனை இதேதான்.

அப்படியும் ஏன் இழுக்கிறது? என் கணிப்பில், பாதி வீடுகளில் ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. ‘முழுமையான விண்ணப்பம்’ என்ற சொல் அங்கேயே தட்டிவிடும். 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மத்திய மானியமும் அதோடு சிக்கும். பேனலுக்கு முன்பணம் கொடுக்கும் முன்னே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

அப்புறம் மீட்டர். வாங்கியதையும் கொடுத்ததையும் தனித்தனியே எண்ணும் நெட் மீட்டர் வரும்வரை ஆசைப்பட்டு சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். சாதாரண எலக்ட்ரானிக் மீட்டர்களில் பல, கரண்ட் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காது, வெளியே அனுப்பியதையும் நீங்கள் செலவழித்ததாகக் கூட்டி பில்லில் போட்டுவிடும்.