ரூக்கி: தமிழில் முதற்பருவ வீரர்

ஐஸ் ஹாக்கிச் செய்திகளைப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சொல் 'ரூக்கி'. ரூக்கி வீரர், ரூக்கி சாதனை, ரூக்கி முகாம் என்று எங்கு பார்த்தாலும் அதுதான். தமிழில் எழுதும்போது இளம் வீரர், புதுமுகம், அறிமுக வீரர், கத்துக்குட்டி என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். இவை நான்கும் நான்கு வேறு பொருள்கள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ரூக்கி என்பது லீகுக்குப் புதிதாக வந்த வீரருக்கு உரிய ஒரு தகுதிநிலை. அதற்கு எழுதி வைத்த விதி உண்டு. அந்த விதியால் விருது பெற்றவரும் இருக்கிறார், விருது பெற வழியில்லாமல் போனவரும் இருக்கிறார்.

விதி இதுதான். இதற்கு முந்தைய எந்த ஒரு பருவத்திலும் 25 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. முந்தைய ஏதேனும் இரண்டு பருவங்களில் தலா ஆறோ அதற்கு மேலோ ஆடியிருக்கக் கூடாது. இந்தக் கணக்கில் என்.எச்.எல். ஆட்டங்களோடு, அதற்கு ஈடாகக் கருதப்படும் பெரிய தொழில்முறை லீக்குகளின் ஆட்டங்களும் சேரும். அப்புறம் வயது: அந்தப் பருவத்தின் செப்டம்பர் 15 அன்று 26 வயது நிறைந்திருக்கக் கூடாது.

இந்த வயது வரம்பு ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. சோவியத் அணியின் நட்சத்திரமாக 1984, 1988 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற செர்கேய் மகாரோவ், 1989-ல் கால்கரி ஃப்ளேம்ஸ் அணிக்கு வந்தார். அந்தப் பருவத்தில் 86 புள்ளிகள் எடுத்தார் (கோலும், கோலுக்குக் கொடுத்த உதவியும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி). சிறந்த ரூக்கிக்கான கால்டர் கோப்பை அவருக்கே போனது. அப்போது அவருக்கு 31 வயது. உலகமே பார்த்துப் பழகிய ஒருவரைப் புதியவர் என்பதா என்று முணுமுணுப்பு கிளம்ப, அதன்பிறகுதான் 26 என்ற வரம்பு வந்தது.

வேய்ன் கிரெட்ஸ்கியின் கதை இதற்கு நேர் எதிர். 1978-79 பருவத்தை அவர் என்.எச்.எல்.லுக்குப் போட்டியாக இருந்த டபிள்யூ.எச்.ஏ. என்ற லீகில் ஆடினார். அந்த லீக் மூடப்பட்டு, அதன் நான்கு அணிகள் என்.எச்.எல்.லில் சேர்ந்தபோது எட்மன்டன் ஆயிலர்ஸோடு அவரும் வந்தார். என்.எச்.எல்.லில் அவருக்கு அதுதான் முதல் பருவம். எடுத்தது 137 புள்ளிகள். மிகுந்த மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையைக் கொடுத்தார்கள். கால்டர் கோப்பைக்கு மட்டும் அவர் பெயரே பரிசீலனையில் இல்லை, ஏனென்றால் டபிள்யூ.எச்.ஏ.வில் ஒரு பருவம் முழுக்க ஆடியாகிவிட்டது. பாஸ்டன் அணியின் தடுப்பாட்டக்காரர் ரே பூர்க் அதைப் பெற்றார்.

ஆக 31 வயது மகாரோவ் ரூக்கி, 19 வயதை எட்டாத நிலையில் பருவத்தைத் தொடங்கிய கிரெட்ஸ்கி ரூக்கி இல்லை. 'இளம் வீரர்' என்று எழுதினால் இரண்டுமே தப்பாகிவிடும்.

சொல் எங்கிருந்து வந்தது? படைக்குப் புதிதாகச் சேர்த்த ஆளைக் குறிக்கும் 'ரெக்ரூட்' என்ற ஆங்கிலச் சொல், சிப்பாய்களின் வாயில் தேய்ந்து ரூக்கி ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படையினரிடையே அது புழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் அதை எடுத்துக்கொண்டது, பிறகு மற்ற ஆட்டங்களுக்கும் பரவியது. ரூக் என்ற காக்கையினப் பறவையின் பெயரும் இதில் கலந்திருக்கலாம் என்போர் உண்டு. சதுரங்கத்து ரூக்குக்கும் இதற்கும் உறவில்லை. அது பாரசீக 'ருக்'.

எனக்குப் பிடித்தது இதற்கும் அடியில் இருக்கும் வேர். ரெக்ரூட் என்பது பிரெஞ்சு 'ரெக்ரூ'விலிருந்து வந்தது. அதன் பொருள் மறுபடி வளர்ந்தது, அதாவது புதுத் துளிர். ஆள் குறைந்த படை மீண்டும் தழைக்கிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. மூத்தவர்கள் ஓய்வுபெறும் அணிக்கு வந்து சேரும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் கிடைக்காது.

கவனித்துப் பார்த்தால், இந்த ஆட்டத்தில் ஓர் இளைஞனின் பாதை முழுக்கவே பாசறைச் சொற்கள்தான். கனடாவின் ஜூனியர் லீக்குகளில் 16 வயதிலேயே வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய் ஆடுவார்கள். அங்கே அவர்களைத் தங்கவைத்துச் சோறு போடும் குடும்பத்துக்கு 'பில்லட்' குடும்பம் என்று பெயர். பில்லட் என்பது, இந்தச் சிப்பாய்க்கு உன் வீட்டில் இடம் கொடு என்று வீட்டுக்காரருக்குக் கொடுத்த சீட்டு. 18 வயதில் அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் 'டிராஃப்ட்' என்பதும் படைக்கு ஆளெடுப்பதற்கான சொல். என்.எச்.எல். அதை முதன்முதலில் நடத்தியது 1963-ல், மான்ட்ரியலில்.

டிராஃப்டில் எடுத்தவுடன் ரூக்கி ஆகிவிட முடியாது. ஒப்பந்தம் போட்ட 18, 19 வயதுக்காரரை அணி சில ஆட்டங்களில் ஆடவைத்துப் பார்க்கும். பத்து ஆட்டங்களுக்குள் நிறுத்திக்கொண்டு ஜூனியர் அணிக்குத் திருப்பி அனுப்பினால், மூன்றாண்டு ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு கழியாது, அப்படியே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அதனால்தான் ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேச்சு எழுகிறது. பையன் நன்றாக ஆடினானா என்பதோடு, பத்தாவது ஆட்டத்தில் இறக்கி ஓர் ஆண்டைச் செலவழிக்கத் தகுமா என்றும் அணி நிர்வாகம் கணக்குப் பார்க்கிறது. ஒன்பது ஆட்டங்கள் ஆடித் திரும்பியவர் அடுத்த ஆண்டும் ரூக்கிதான். ஆனால் மறுபடியும் ஒன்பது ஆடித் திரும்பினால் 'இரண்டு பருவங்களில் தலா ஆறு' என்ற விதி குறுக்கே வரும். மூன்றாம் ஆண்டு முழுப் பருவம் ஆடினாலும் கால்டர் கோப்பைக்கு வழியில்லை.

முதல் ஆட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்காக அணி வரிசையாக நிற்கும். ரூக்கி முதல் ஆளாகப் பனித்தளத்தில் இறங்கி வேகமெடுப்பார். பின்னால் யாரும் வரமாட்டார்கள்; எல்லோரும் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அரங்கம் பார்க்க அவர் தனியாக ஒரு சுற்று, சில சமயம் இரண்டு சுற்று ஓடியபின்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். முதல் கோல் விழுந்தால் சக வீரர் ஒருவர் வலைக்குள் இருக்கும் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, மறக்காமல் எடுத்து வருவார். அதன் விளிம்பில் வெள்ளை டேப்பைச் சுற்றி எழுதி அவர் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள்.

சிகாகோ அணியின் கானர் பெடார்டின் முதல் ஆட்டம் 2023 அக்டோபர் 10 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்தது. எதிரே நின்றவர் பிட்ஸ்பர்க் அணித்தலைவர் சிட்னி கிராஸ்பி. மறுநாளே பாஸ்டனில் முதல் கோல். ஜனவரியில் தாடை உடைந்தது. அப்படியும் 68 ஆட்டங்களில் 61 புள்ளிகளுடன் கால்டர் கோப்பையை வாங்கினார். எட்மன்டன் அணியின் கானர் மெக்டேவிடுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2015 நவம்பரில் காறை எலும்பு முறிந்து 37 ஆட்டங்கள் போயின. 45 ஆட்டங்களில் 48 புள்ளிகள் எடுத்தும் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம்தான். ரஷ்ய லீகில் பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்து வந்த (அந்த ஆட்டங்கள் விதியின் கணக்கில் சேரவில்லை) 24 வயது ஆர்டெமி பனாரின், சிகாகோ அணிக்காக 77 புள்ளிகள் எடுத்து அந்தக் கோப்பையை வென்றார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? புதுமுகம் திரைத்துறையின் சொல்; முகம் புதிதாக இருக்க வேண்டும். மகாரோவுக்கும் பனாரினுக்கும் அது ஒட்டாது. 'அறிமுக' என்பது முதல் ஆட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும். பெடார்டின் அறிமுக ஆட்டம் என்று எழுதலாம். ஆனால் ஐம்பதாவது ஆட்டத்திலும் ஒருவரை அறிமுக வீரர் என்பது இடிக்கிறது, ரூக்கியோ பருவம் முடியும்வரை ரூக்கிதான். கிரிக்கெட்டில் கன்னிச் சதம் என்று எழுதுவதுபோல் கன்னி கோல் என்றும் சொல்லலாம், ஆளைக் குறிக்க அது உதவாது. கத்துக்குட்டி அரைகுறையாகக் கற்றவருக்கு உரியது. 1992-93-ல் வின்னிபெக் ஜெட்ஸுக்கு ஆடி, ரூக்கியாக 76 கோல் போட்ட டீமு செலானியை அப்படி அழைக்க மனம் வருமா?

நான் பரிந்துரைப்பது 'முதற்பருவ வீரர்'. ஆட்டக்காலம் என்ற பொருளில் பருவம் ஏற்கெனவே செய்திகளில் புழங்குகிறது. பிள்ளைத்தமிழில் குழந்தை காப்பு, செங்கீரை, தால் என்று படிப்படியாகக் கடக்கும் வளர்ச்சி நிலைக்கும் பருவம் என்றே பெயர். விதி கேட்கும் கணக்கையும், வேரில் இருக்கும் வளர்ச்சியையும் இந்த ஒரே சொல் தாங்குகிறது. முதற்பருவச் சாதனை, முதற்பருவ ஒப்பந்தம், ஆண்டின் சிறந்த முதற்பருவ வீரர் என்று கூட்டுச்சொல் ஆக்கவும் எளிது.

ஓரிடத்தில் மட்டும் இது பொருந்தாது. செப்டம்பரில் நடக்கும் ரூக்கி முகாம்களுக்கு ஒப்பந்தமே இல்லாதவர்களையும் அழைப்பார்கள். அவர்களுக்கு இன்னும் முதற்பருவம் என்று ஒன்று இல்லை, பலருக்கு அது வராமலே போகலாம். அங்கே 'புதுவரவு முகாம்' என்று எழுதுவது நல்லது.