அருகாமை: கிட்டவா, எட்டவா?

‘பாலத்துக்கு அருகாமையில் 10 பேர்ச் வளவு விற்பனைக்கு.’ மட்டக்களப்பில் காணி விளம்பரம் என்றால் இந்த அருகாமை எப்படியாவது வந்து குந்திக்கொள்ளும். கோயிலுக்கு அருகாமை, ஆஸ்பத்திரிக்கு அருகாமை, சந்தைக்கு அருகாமை. விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிற கல்லடி உப்போடையும் இதற்குத் தப்பவில்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த மனிதர் அவர். வாசிக்கிறபோது எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அருகு என்பது பழைய பெயர்ச்சொல். ஓரம், பக்கம், கிட்டிய இடம் என்று பொருள். அதோடு ‘இல்’ சேர்ந்தால் அருகில். வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதே அருகு வினையாகவும் வரும். அப்போது குறைதல், அரிதாதல் என்று பொருள். ‘அருகி வரும் பறவைகள்’ என்கிறோமே, அது.

சிக்கல் வாலில் இருக்கிறது. வினையடியோடு ‘ஆமை’ சேர்ந்தால் எதிர்மறை. திருக்குறள் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள்: கல்லாமை, கொல்லாமை, புறங்கூறாமை, கள்ளுண்ணாமை. (கடலாமையை விட்டுவிடுங்கள்.) அந்தக் கணக்கில் அருகாமை என்றால் குறையாமை. பாலத்துக்குக் குறையாமையில் வளவு! அண்மை, சேய்மை என்ற சொற்களின் ஓசையில் மயங்கி யாரோ ஒட்டவைத்த வால் என்றுதான் எனக்குப் படுகிறது.

‘எல்லாருக்கும் விளங்குதுதானே’ என்பார்கள். விளங்குகிறது. ஆனால் இதே ஆட்கள் வாயால் சொல்லும்போது ‘கோயிலுக்குக் கிட்டத்தான் எங்கட ஊடு’ என்று சுத்தமாகச் சொல்வார்கள். பேனையை எடுத்ததும்தான் ‘கிட்ட’ மரியாதை குறைந்ததாகி, அருகாமை கம்பீரமாகிவிடுகிறது. பேச்சில் இல்லாத பிழையை எழுத்துக்காகவே செய்து எடுக்கிறோம்.

மாற்றாக அண்மை என்று எழுதலாம், கவனமாக. ‘கோயிலுக்கு அண்மையில் கட்டிய வீடு’ என்றால் கோயிலுக்குப் பக்கத்திலா, போன மாதமா என்ற மயக்கம் வரும். நம் பத்திரிகைகள் எழுதும் ‘கோயிலை அண்மித்த காணி’ கொஞ்சம் கனம். ஆனாலும் பொருள் மாறவில்லை. என்னைக் கேட்டால் அருகில் போதும். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கும் இரண்டு எழுத்து மிச்சம்.