கொண்டை ஊசி வளைவில் பேருந்து ஏன் வெளிவிளிம்புக்குப் போகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் சாலை ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றிப் போகிறது, குறுக்கே ஒரு பாதை போட்டிருக்கக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குறுகலான, செங்குத்தான பாதைகள்தான் முதலில் இருந்தன.

1820களின் தொடக்கத்தில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட வைத்தார். 1830களின் தொடக்கத்தில், கவர்னர் லஷிங்டன் காலத்தில், மதராஸ் பயனியர் படையினர் (பாதை போடும் ராணுவப் பிரிவு) குன்னூர் வழியாக இன்னொரு பாதை வெட்டினார்கள். நடந்து போகிறவருக்கும் குதிரைக்கும் அது போதும். ஆனால் மாட்டுவண்டிக்குப் போதாது. ஒரு டன் பாரத்தை 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இழுத்தால், சரிவை வெல்ல மட்டும் சுமார் 83 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 20க்கு 1 என்றால் 50 கிலோ போதும். அதனால் கர்னல் லா மேற்பார்வையில் வண்டிகளுக்கென்று புதிய தடம் போட்டார்கள். குன்னூர் அருகே உள்ள லாஸ் அருவிக்கு அவர் பெயர்தான். இன்றைய நெடுஞ்சாலை அந்தத் தடத்தின் வாரிசு. எண் மட்டும் 67லிருந்து 181க்கு மாறிவிட்டது.

இரண்டு ஊருக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,385 மீட்டர். 20க்கு 1 என்று ஏறினால் 27 கிலோமீட்டருக்கு மேல் சாலை வேண்டும். அவ்வளவு நீளத்தை மலைச்சரிவில் மடித்துத்தான் வைக்க முடியும். மடிக்கிற இடம்தான் கொண்டை ஊசி வளைவு. இந்த வழியில் அப்படி 14 வளைவுகள் உண்டு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வளைவின் உள்விளிம்புக்கு ஆரம் 14 மீட்டர், சாலையின் அகலம் 11.5 மீட்டர் என்று வையுங்கள். இந்தியச் சாலைத் தர விதிகளில் இருக்கும் அளவுகள்தான் இவை. உள்விளிம்பின் அரைவட்டம் 44 மீட்டர், வெளிவிளிம்பின் அரைவட்டம் 80 மீட்டர். இரண்டும் ஒரே மட்டத்தில் தொடங்கி ஒரே மட்டத்தில் முடிகின்றன. இடையில் ஏறும் உயரம் 4 மீட்டர் என்றால் வெளியே 20க்கு 1 ஏற்றம், உள்ளே 11க்கு 1! ஒரே சாலை, ஒரே வளைவு, ஆனால் உள்பக்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செங்குத்து. அதனால்தான் வளைவுக்குள் ஏற்றம் 40க்கு 1ஐத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அங்கே விட்ட உயரத்தை அடுத்த நீட்டில் பிடிக்க வேண்டும். சாலை இன்னும் நீளும்.

அப்புறம் சக்கரங்கள். முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் திரும்பாது. அது முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பின் அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் இருந்தால், 14 மீட்டர் ஆரத்தில் இந்த விலகல் சுமார் 1.3 மீட்டர். ஓட்டுநர் உள்பக்கமே ஒட்டிப் போனால் பின்சக்கரம் மிகச் செங்குத்தான இடத்தில் ஏறும், அல்லது ஓரத்துப் பள்ளத்தில் இறங்கும். அவர் வெளிவிளிம்பு வரை போய்த் திருப்புவது இந்த இரண்டையும் ஒரேயடியாகத் தவிர்க்கத்தான். ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும், சரி. ஆனால் அதுதான் சரியான ஓட்டம்.

இறங்கும்போது கணக்கு வேறு. 15 டன் பேருந்து குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இழக்கும் ஆற்றல், 600 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அத்தனையும் பிரேக்கில் வெப்பமானால் பிரேக் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது, அதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கட்டும் என்பதற்காக. கிளம்பும்போது சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதைப் பார்க்கிறேன். அந்த வெப்பத்துக்கு அது எதுவும் செய்யாது. அந்த இரண்டு நிமிடத்தில் பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள்.

வாகனம் பெரிதாகப் பெரிதாகச் சாலையை அகலப்படுத்தச் சொல்கிறோம். அகலப்படுத்துவது என்றால் சரிவின் அடிப்பகுதியை வெட்டுவது. மேலே இருக்கும் மண்ணைத் தாங்கியிருந்ததே அந்தப் பகுதிதான். மழைநீர் உள்ளே இறங்கி மண்துகள்களைப் பிரித்துத் தள்ளும்போது பிடிமானம் இன்னும் குறைகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெட்டுவதற்கு முன்பே சரிவுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பதித்து, சில பருவமழைகளாவது தொடர்ந்து பதிவு செய்யும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அந்தச் செலவைச் சாலைச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.