கொடுமை வேறு, தற்கொலைத் தூண்டுதல் வேறு

மகளைப் பறிகொடுத்த பெற்றோர் என் அலுவலகத்துக்கு வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "அவங்க கொடுமை தாங்காமத்தானே போயிட்டா, தூண்டுன கேஸ் நிக்கும்ல சார்?" கொடுமையை நிரூபித்துவிட்டால் தூண்டுதலும் தானாகவே நிரூபணமாகிவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

கணவனும் அவன் உறவினர்களும் இழைக்கும் கொடுமை 1983 முதல் தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள். தண்டனை 3 ஆண்டு வரை. அடி உதை மட்டுமல்ல, மனநலத்தைக் கடுமையாகக் கெடுக்கும் நடத்தையும் நகை, பணம் கேட்டு நச்சரிப்பதும் இதில் அடங்கும். தற்கொலைக்குத் தூண்டுதல் பழைய 306, இப்போது 108. 10 ஆண்டு வரை. இதற்குக் கொடுமையைத் தாண்டி, அவன் தூண்டினான், அல்லது தெரிந்தே துணைபோனான் என்று காட்டியாக வேண்டும். "உன் இஷ்டப்படி செய், எங்கே வேணும்னாலும் போ" என்று மனைவியிடம் சொன்ன கணவனின் வழக்கில், கோபத்தில் விழுந்த வார்த்தை தூண்டுதல் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம் (ரமேஷ்குமார் வழக்கு, 2001). 306 போனது, 498ஏ நின்றது. தீர்ப்பைக் கேட்கும் பெற்றோருக்கு இது கசக்கும், ஆனால் சட்டம் இதுதான்.

திருமணமாகி 7 ஆண்டுக்குள் தற்கொலை என்றால் அரசுத் தரப்புக்கு ஒரு பிடி உண்டு. கொடுமை நிரூபணமானால் தூண்டுதல் இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானிக்க'லாம்', அவ்வளவுதான்; கட்டாயமில்லை. வரதட்சணை மரணப் பிரிவு (பழைய 304பி, இப்போது 80) இன்னும் கடுமை: குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அங்கே அனுமானம் கட்டாயம். ஆனால் மரணத்துக்குச் சற்று முன்புவரை வரதட்சணைக் கொடுமை நடந்ததற்குச் சாட்சியம் வேண்டும்.

அந்தச் சாட்சியத்தில்தான் வழக்குகள் சரிகின்றன. 7 ஆண்டுக்குள் நடந்த மரணத்துக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். அழுது ஓய்ந்த நிலையில், வாக்குமூலமாக எழுதியதைப் படிக்காமலே பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வரதட்சணை பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. நீதிமன்றத்தில் முதல்முறையாக "அம்பது பவுன் கேட்டாங்க" என்று சொன்னால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்: அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?

இன்னொன்று, கோபத்தில் மொத்தக் குடும்பத்தையும் சேர்ப்பது. வெளியூரில் வாழும் நாத்தனார் பெயரைப் போடும்போது அவர் என்ன செய்தார், எப்போது செய்தார் என்று எழுத முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த ஒரு பெயரே மற்ற குற்றச்சாட்டுகளின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும். எஃப்.ஐ.ஆர். போட்டதுமே எல்லாரையும் கைது செய்துவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கைதுக்கான காரணத்தைப் போலீஸ் பதிவு செய்ய வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் பெண் உயிரோடு, அந்த வீட்டில் இருக்கிறாள் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். "வாழப் பிடிக்கல" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் உடனே போய் அழைத்து வாருங்கள். மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, பெண்கள் உதவி எண் 181 இரண்டும் இரவிலும் எடுப்பார்கள். புகாரெல்லாம் அப்புறம்.

புகார் கொடுக்கும்போது, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மூன்று தடவை பேசி முடித்தது நீதிமன்றத்தில் எடுபடாமல் போகலாம். மகளிர் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு வாங்கிய ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுக்கு எடை அதிகம். வாட்ஸ்அப் குரல்பதிவுகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கணவன் ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தஞ்சம் புகுந்த தாய்வீட்டு ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019-ல் ரூபாலி தேவி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. கொடுமைக் குற்றத்துக்குக் காலவரம்பு 3 ஆண்டு. சமாதானம் பேசிப் பேசியே அதைக் கடத்திவிடுகிறவர்கள் நிறைய.